சுக்கு கருப்பட்டி குக்கி: ஓரம் லேசாக மொறுமொறு, உள்ளே ஜவ்வு

பிஸ்கட் போலப் படக்கென்று உடையும் குக்கி பிடித்தவர்களுக்கு இந்தப் பக்குவம் சரிவராது. இதை இரண்டாக மடித்தால் உடையாது, வளையும். பிய்த்தால் நடுவில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் மட்டும் சர்க்கரை நறநறவென்று கடிபடும். அதைக் கடித்த அடுத்த நொடி சுக்குக் காரம் தொண்டையில் ஏறும், அதற்குப் பின்னாலேயே கருப்பட்டி வாசம் வரும். மழை நாளில் ஆச்சி போட்டுத் தந்த சுக்குக் காப்பியை அப்படியே ஒரு குக்கிக்குள் வைத்தது போல இருக்கும் என்றுதான் சாப்பிட்டவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், அதில் துளியும் மிகை இல்லை.

இதன் மூலம் அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சுடும் இஞ்சி மொலாசஸ் குக்கி. மொலாசஸ் என்பது கரும்புச் சாறிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கருநிறப் பாகு. நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் வெளிநாட்டுப் பாட்டில், விலை அதிகம். நான் முதலில் அதற்குப் பதில் வெல்லம் போட்டுப் பார்த்தேன். இனிப்பு வந்தது, மொலாசஸுக்கே உரிய அந்தக் கறுத்த, லேசாகக் கசக்கும் ஆழம் வரவில்லை. கருப்பட்டி போட்ட அன்றுதான் வந்தது. அதன் புகை வாசமும் அடியில் ஓடும் மெல்லிய உப்புக் கரிப்பும் சுக்கோடு ஒட்டிக்கொள்வது போல வேறெந்த இனிப்பும் ஒட்டாது. இப்போது யாராவது மொலாசஸ் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தாலும் நான் கருப்பட்டிதான் போடுவேன்.

செய்முறைக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜவ்வுப் பதம் என்பது குக்கிக்குள் தங்கும் ஈரம்தான். அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும் வேலையைப் பாகும் நாட்டுச் சர்க்கரையும் செய்கின்றன. ஈரத்தை விரட்டும் வேலையை அடுப்புச் சூடு செய்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஈரத்தைக் காப்பாற்றத்தான்.

என்னென்ன வேண்டும்

இந்த அளவில் 35 கிராம் உருண்டையாக ஏறத்தாழ 20 குக்கி வரும்.

மைதா 250 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம்
நாட்டுச் சர்க்கரை 160 கிராம், கட்டி இல்லாமல் சலித்தது
கருப்பட்டிப் பாகு 80 கிராம் (இதற்கு 100 கிராம் கருப்பட்டி, 60 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு)
முட்டை 1
சமையல் சோடா 1 டீஸ்பூன், தலை தட்டியது
உப்பு அரை டீஸ்பூன்
சுக்குப் பொடி இரண்டரை டீஸ்பூன்
பட்டைப் பொடி ஒன்றரை டீஸ்பூன்
ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன்
கிராம்பு 6, மிளகு 10, இரண்டையும் சேர்த்துப் பொடித்தது
ஜாதிக்காய் துருவியது ஒரு சிட்டிகை
மேலே புரட்ட 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அல்லது ரவை போல இடித்த பனங்கற்கண்டு

தயவுசெய்து தராசில் நிறுத்துச் செய்யுங்கள். ஒரு கப் மைதாவை அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரும், மெதுவாகக் கரண்டியால் போட்டு நிரப்பினால் 120 கிராம்தான் வரும். இரண்டு கப் அளக்கும்போது 60 கிராம் வித்தியாசம் வந்துவிடும், இந்தக் குக்கியை உலர்ந்த உருண்டையாக்க அது போதும். சின்னக் கிச்சன் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் பேக்கிங்கில் வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி காணாமல் போய்விடும்.

சோடா என்பது ஆப்ப சோடாதான், பேக்கிங் பவுடர் அல்ல. பவுடர் போட்டால் குக்கி உப்பி நின்று கேக் மாதிரி ஆகிவிடும். சோடா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை அடிக்கும், அதனால்தான் தலை தட்டி அளக்கச் சொல்கிறேன். உப்பு வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனி உப்பை விட்டுவிடுங்கள்.

கருப்பட்டியும் மசாலாவும்

கருப்பட்டி வாங்கும்போது மூக்கை நம்புங்கள். உடைத்த துண்டை முகர்ந்தால் புகையும் பதநீரும் கலந்த வாசம் வர வேண்டும், நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பு தெரிய வேண்டும். சர்க்கரை கலந்த சரக்கில் இனிப்பு மட்டும் முன்னால் பாயும். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் கையோடு வாங்கிவரச் சொல்லுங்கள். 'சுக்குக் கருப்பட்டி' என்று சுக்கும் மிளகும் சேர்த்துக் காய்ச்சியதும் கடையில் இருக்கும். அதைப் போட்டால் காரம் எவ்வளவு என்று கணக்குப் பிடிபடாது, சாதாரணக் கருப்பட்டியே இதற்குச் சரி.

கருப்பட்டியைத் தட்டிப் பொடித்து நேராக மாவில் சேர்க்கக் கூடாது. நான் ஒரு தடவை சோம்பல்பட்டு அப்படிச் செய்துவிட்டு, 20 குக்கியையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பல்லில் மண் நறநறத்தது. போதாததற்கு, கரையாத துண்டுகள் அங்கங்கே உருகித் தட்டில் ஒட்டிக் கரிந்து கிடந்தன. கரைத்து வடிகட்டிப் பாகாக்கியே தீர வேண்டும்.

சுக்கைப் பொறுத்தவரை, முழுச் சுக்கு வாங்கி மேல்தோலைச் சீவி, தட்டிப் பொடித்துச் சலித்தால் வரும் காரமே தனி. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று வீட்டில் சொல்லி வளர்ந்ததால் தோல் சீவாமல் எனக்குக் கை போகாது. சீவுவதில் ருசிக்கும் லாபம் இருக்கிறது, மண்வாடையும் நாரும் போய்விடும். பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இஞ்சி காயும்போது அதில் உள்ள ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகாலாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் கூர்மை. அந்தத் தொண்டைக் காரம்தான் இந்தக் குக்கிக்கு உயிர். பச்சை இஞ்சியில் தண்ணீர் வேறு அதிகம், மாவின் கணக்கைக் கெடுக்கும்.

பட்டையில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியும். நம் மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் கேசியா. இலங்கைக் கறுவா மெல்லிய அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், வாசம் இனிமையாக இருக்கும். கறுவா மென்மையானது என்பதால் கிராம்பும் மிளகும் அதை அமுக்கிவிடும், இந்தக் குக்கிக்கு எனக்குப் பிடித்தது காரசாரமான தடித்த பட்டைதான். கிராம்பை மட்டும் அளவுக்கு மேல் போடாதீர்கள். ஏழெட்டுக்கு மேல் போனால் பல்வலி மருந்து வாசம் வந்துவிடும்.

பாகு காய்ச்சுவது

சின்னப் பாத்திரம் ஒன்றை வெறுமனே நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். வேறொரு பாத்திரத்தில் கருப்பட்டியையும் தண்ணீரையும் போட்டு, கரைந்ததும் வடிகட்டி இந்தப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். வடிகட்டியின் அடியில் தங்கும் மண்ணையும் நாரையும் பார்த்தால் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். எலுமிச்சைச் சாறு விட்டுச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். குலாப் ஜாமூன் பாகு பூத்துவிடாமல் இருக்க எலுமிச்சை விடுகிறோமே, அதே காரணம்தான். புளிப்பு சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்து, பாகு கற்கண்டாகிவிடாமல் தடுக்கும், அப்படி உடைந்த சர்க்கரை ஈரத்தை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, மொலாசஸில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு, சோடா பொங்க அது உதவும். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் கருப்பட்டியில் அந்தப் புளிப்பை எதிர்பார்க்க முடியாது. எலுமிச்சை அந்தக் குறையையும் ஓரளவு ஈடுகட்டும்.

பாத்திர எடை போக பாகு 115 கிராம் வந்ததும் இறக்கிவிடுங்கள். தராசு இல்லையென்றால் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியபின் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். தேன் போல மெதுவாக நகர வேண்டும். விரலில் பிசுபிசுக்கலாம், கம்பி விழக் கூடாது. கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் குக்கி மறுநாளே கடலை மிட்டாய் போல இறுகிவிடும், அப்போது ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். இதில் 80 கிராம் போதும், மிச்சத்தைப் பாலில் கலந்து குடித்துவிடுங்கள்.

மாவு சேர்ப்பது

பல செய்முறைகளில் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கச் சொல்வார்கள். நம் ஊர் மே மாதச் சமையலறையில் வெண்ணெய் ஐந்து நிமிடத்தில் எண்ணெயாகிவிடும், அதோடு போராட வேண்டாம். தவிர, அப்படி அடிக்கும்போது உள்ளே போகும் காற்று குக்கியைக் கேக் போல உப்ப வைக்கும், நமக்கு வேண்டியது அது இல்லை. வெண்ணெயை உருக்கிவிடுங்கள். உருகியதும் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே மசாலாப் பொடிகள் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுங்கள். வாசனை கொழுப்பில்தான் இறங்கும், நாம் எண்ணெயில் தாளிப்பதும் அதற்குத்தானே. அடுப்படி முழுக்க மணம் எழும்பும். அப்படியே வைத்து, விரல் விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள்.

ஆறிய வெண்ணெயில் நாட்டுச் சர்க்கரை, பாகு, முட்டை மூன்றையும் சேர்த்து விஸ்க் கொண்டு ஒரு நிமிடம் அடியுங்கள். முட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் வெண்ணெய் திப்பி திப்பியாக உறைந்துவிடும், அரை மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். அடித்ததைப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி ஒரு நிமிடம் அடியுங்கள். நாட்டுச் சர்க்கரை கரைய நேரம் எடுக்கும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. இரண்டாம் முறை அடிக்கும்போது கலவை கெட்டியாகி, பளபளவென்று சாக்லேட் சாஸ் போல விழும். அதுதான் அடையாளம்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து அதில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மட்டும் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள், அதற்கு மேல் பிசைந்தால் இழுபட்டுக் கெட்டிப்படும். இப்போது மாவு தளதளவென்று, உருட்டவே முடியாத அளவுக்கு ஒட்டும். பயந்துபோய்க் கூட மைதா போடுகிறவர்கள்தான் அதிகம். போடாதீர்கள். ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

மூடி போட்டுக் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். வெண்ணெய் இறுகும், மைதா ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், மசாலா ஊறும். நேற்றுச் செய்த மாவையும் இன்று செய்த மாவையும் பக்கத்தில் பக்கத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறேன். ஊறிய மாவில் சுட்டது நிறம் இன்னும் கறுத்து, காரம் பரவி, ஜவ்வும் கூடியிருந்தது. அன்றிலிருந்து முதல் நாள் ராத்திரியே மாவைச் சேர்த்து வைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது.

முட்டை சேர்க்காதவர்கள் 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வழவழப்பானதும் முட்டைக்குப் பதில் சேர்க்கலாம். அதன் வாடை சுக்கில் மறைந்துவிடும். தயிர் வேண்டாம், அது கேக் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இதற்கு நேர் மாறாக, ஜவ்வு இன்னும் வேண்டும் என்பவர்கள் முழு முட்டைக்குப் பதிலாக இரண்டு மஞ்சள் கரு மட்டும் போடலாம். வெள்ளைக் கரு குக்கியை உலர்த்தும்.

அடுப்பில்

ஓடிஜியை (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 175 டிகிரி செல்சியஸில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, குறைந்தது 15 நிமிடம் சூடாக்குங்கள். சின்ன ஓடிஜிகளில் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்ட அன்று, என் ஓடிஜி நான் வைத்த சூட்டைவிட 20 டிகிரி அதிகம் போவது தெரிந்தது. அதற்கு முன் சுட்டவை ஏன் அத்தனையும் அடி கருகின என்பதும் அப்போதுதான் புரிந்தது. மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் என்றால் 165 டிகிரி வைத்தால் போதும், காற்றாடி வேகமாக உலர்த்தும்.

மாவை 35 கிராம் உருண்டையாக, பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டிச் சர்க்கரையில் புரட்டுங்கள். இந்தச் சர்க்கரை அழகுக்கு மட்டும் இல்லை. மேல் தோலின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் காய வைக்கும், உள்ளே மாவு இன்னும் பரவிக்கொண்டிருக்கும், அதனால் மேலே வயல் வெடிப்பு போலக் கோடுகள் விழும். பேக்கிங் தாள் விரித்த தட்டில் மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள், சின்னத் தட்டில் ஆறுக்கு மேல் வேண்டாம். முதல் தட்டுக்கு முன் ஒரே ஒரு உருண்டையைத் தனியாகச் சுட்டுப் பாருங்கள். உங்கள் அடுப்பு, உங்கள் மைதா, அன்றைய வெயில் எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்று அந்த ஒன்று சொல்லிவிடும்.

இனி கண்ணாடி முன்னாலேயே நில்லுங்கள். ஐந்தாம் நிமிடம் உருண்டை சரியத் தொடங்கும். ஏழில் நடுவில் குபுக்கென்று உப்பும். எட்டில் வெடிப்பு விழும், அந்த வெடிப்புக்குள் மாவு ஈரமாகப் பளபளக்கும். பத்தை ஒட்டி, ஓரம் சுண்டுவிரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்புப் போய் மங்கி நிற்கும், நடு இன்னும் ஈரமாகவே தெரியும், விரல் நுனியால் தொட்டால் பள்ளம் விழும். அந்த நொடி வெளியே எடுத்துவிடுங்கள். வேகவே இல்லையே, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டும் என்று மனசு சொல்லும். என் முதல் நாலைந்து தட்டு அந்த இரண்டு நிமிடத்தில்தான் போயிற்று. அடுப்பில் இருக்கும்போதே கெட்டியாகத் தெரியும் குக்கி, ஆறியதும் கல்லாகத்தான் இருக்கும்.

எடுத்ததும் தட்டை மேடையில் ஒரு முறை லொட்டென்று தட்டினால் உப்பிய நடு அமுங்கி ஜவ்வு கூடும். பிறகு எட்டு நிமிடம் தட்டிலேயே விட்டுவிடுங்கள். தட்டின் சூட்டில் நடுப்பகுதி மெதுவாக வெந்து முடியும். சீக்கிரம் எடுக்கப் போனால் பிய்ந்துவிடும். எட்டு நிமிடம் கழித்துக் கம்பித் தட்டுக்கு மாற்றி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டில் இதன் உண்மையான பதம் தெரியாது, ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி.

அடுத்த தட்டு வைக்கும் முன் தட்டு நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒரே தட்டுதான் இருக்கிறது என்றால் முதலில் பத்து நிமிடம் தானாக ஆறவிட்டு, பிறகு குழாயடியில் பிடித்துத் துடைத்துவிட்டு வையுங்கள். சூடான தட்டில் வைத்த உருண்டை அடுப்புக்குப் போகும் முன்பே உருகி ஓடிவிடும். மிச்ச மாவு அதுவரை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

சரியாக வராவிட்டால்

தோசை மாதிரி பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மாவு போதுமான அளவு குளிரவில்லை, அல்லது அடுப்பு இன்னும் சூடேறவில்லை. மாவை இன்னும் ஒரு மணி நேரம் குளிரவைத்துப் பாருங்கள், அப்படியும் பரவினால் மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேருங்கள். பரவவே இல்லாமல் உருண்டையாகவே நின்றால் மைதா கூடிவிட்டது, அல்லது பாகு முற்றிவிட்டது. அடுத்த தட்டில் உருண்டையை உள்ளங்கையால் லேசாகத் தட்டையாக்கி வைத்தால் அந்த மாவையும் காப்பாற்றிவிடலாம். இறுகிப் போன குக்கியையும் தூக்கிப் போட வேண்டாம். டப்பாவில் ஒரு துண்டு பிரெட்டோடு மூடி வைத்தால் ஒரு ராத்திரியில் பிரெட் காய்ந்து குக்கி இளகியிருக்கும்.

இந்தப் பிரெட் வித்தையை நல்லபடியாக வந்த குக்கிக்கும் செய்யலாம். காற்றுப் புகாத டப்பாவில் ஐந்து நாள் தாங்கும், இரண்டாம் நாள்தான் ருசி உச்சத்தில் இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இறுகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டும் என்றும் இல்லை. உருட்டிய உருண்டைகளைச் சர்க்கரையில் புரட்டாமல் ஒரு தட்டில் பரப்பி ஃபிரீசரில் கல்லாக்கி, பிறகு கவரில் போட்டு வைத்தால் இரண்டு மாதம் இருக்கும். வேண்டும்போது நாலை எடுத்து, பத்து நிமிடம் வெளியே வைத்து, மேலே ஈரம் பூத்ததும் சர்க்கரையில் புரட்டி, வழக்கமான நேரத்தோடு ஒரு நிமிடமோ இரண்டோ கூட்டிச் சுட்டால் போதும். அடைமழை பெய்யும் சாயங்காலம் யாராவது திடீரென்று வீட்டுக்கு வந்தால், அவர்கள் தலை துவட்டிக் காப்பி குடித்து முடிப்பதற்குள் சூடாறிய குக்கி தட்டில் இருக்கும்.